அவர் திறந்த கண்

அவர் கீறிய படங்களில் ஒருவருக்கும் களைப்பு இல்லை. கோதுமை வெட்டுகிறவளுக்குக் களைப்பில்லை. இரும்பு உருக்குகிறவனுக்குக் களைப்பில்லை. பனிக்குள் தண்டவாளம் போடுகிற ஆட்களுக்கு மூக்குக்கூடச் சிவக்கவில்லை. எல்லோரும் முகத்தை நிமிர்த்தி, நாடியை உயர்த்தித் தூரத்தில் எதையோ பார்த்தபடி நின்றார்கள். அங்கே என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"வரப்போறது இருக்கு," என்றார்.

"என்ன வரப்போகுது?"

"அதைக் கீறத் தேவையில்லை, பிள்ளை. பார்க்கிற கண்ணைக் கீறினால் காணும், அதுவே போதும்."

அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த மனிதர் என் வீட்டுக் கண் ஒன்றிலேயே கை வைத்தார். அதன் பிறகு அவரை நினைத்து நான் சிரித்ததில்லை.

மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில், நானும் அம்மாவும் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்து மூலை அறை அவருடையது. சோவியத் யூனியன் இருந்த காலத்தில் ஸ்கொலர்ஷிப் கிடைத்து அங்கே போய்ச் சித்திரமும் சிற்பமும் படித்தவர். யாழ்ப்பாணத்தில் இருந்து டொக்டருக்குப் படிக்கப் போனவர்களைத் தெரியும், எஞ்சினியருக்குப் போனவர்களைத் தெரியும். படம் கீறப் போனவர் என்று நான் கண்டது இவர் ஒருவரைத்தான். படித்தது மொஸ்கோவில் இல்லை, வேறு ஏதோ ஊரில். ஆனாலும் எல்லோருக்கும் அவர் மொஸ்கோ அண்ணைதான். பெயரை நான் எழுதப்போவதில்லை. மரியாதைக்காக இல்லை. எழுத விருப்பமில்லை.

ஒல்லியான மனிதர். தோள் இரண்டும் உள்ளுக்குள் விழுந்திருக்கும். பகல் முழுக்க ஒரு ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிற வேலை. யாராவது வேலை பற்றிக் கேட்டால், "ஆஸ்பத்திரியிலை நிக்கிறன்," என்று முடித்துவிடுவார். வேலை முடிந்து மெட்ரோவால் ஏறி வரும்போது அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் பாவமாக இருக்கும். முதுகு வளைந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு வருவார். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பிரஷை எடுத்தால் மட்டும் உலகத்தில் ஒருவருக்கும் முதுகு வளையாது.

அறை முழுக்க டேர்பன்டைன் மணம். பக்கத்து அறைக் கிழவி கட்டடத்தைப் பார்க்கிற கொன்சியேர்ஜிடம் முறைப்பாடு கொடுத்தபடியே இருப்பாள். கட்டிலுக்குக் கீழே தடித்த ரஷ்யப் புத்தகங்கள். சுத்தமான துணியால் கையைத் துடைத்துவிட்டுத்தான் பக்கம் புரட்டுவார். மாடி உயரத்துக் கல் மனிதர்கள், வெண்கல மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் என் இடுப்பளவு முழங்கை. அந்தக் கையை வைத்துக்கொண்டு ஒருத்தனாலும் தன் முதுகைச் சொறிய முடியாது. அதை அவருக்கு நான் சொல்லியும் இருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. பகிடி என்றால் என்னவென்று அவருக்கு அங்கே படிப்பிக்கவில்லை போலிருக்கிறது.

"உங்கடை ரஷ்யாவே கவிண்டு போச்சுதே அண்ணை. இனியும் ஏன் உதுகளைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு?"

"அது ஆக்கள் விட்ட பிழை. படம் விட்ட பிழை இல்லை."

இப்படித்தான் கதைப்பார். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும்.

திருத்துவது என்பது அவருடைய சொல். மூக்கு ஒழுகுகிற பிள்ளையைக் கீறினால் மூக்கைத் திருத்துவார். வழுக்கையைத் திருத்துவார். எங்கள் கட்டடத்தையே ஒருமுறை ஜன்னலில் இருந்து பார்த்துக் கீறினார். தீப்பிடித்தால் தப்பி இறங்குகிற இரும்புப் படிகளின் துருவைத் திருத்தி, வாசலில் இல்லாத ஒரு மரத்தையும் நட்டிருந்தார். கேட்டால் ஒரே பதில்தான். "உள்ளதைக் காட்டக் கண்ணாடி இருக்கு, கமரா இருக்கு. பிறகு நான் என்னத்துக்கு?"

என்னையும் திருத்தினார்.

நான் அப்போது டோர்வலில், எயார்போர்ட்டில், பிளேன் துப்புரவாக்குகிற வேலை. ஆட்கள் இறங்கினதும் நாங்கள் ஏறுவோம். சீற்றுக்கு முன்னாலுள்ள பைக்குள் ஆட்கள் என்னென்ன வைத்துவிட்டுப் போவார்கள் என்று எழுதினால் நீங்கள் இன்றைக்குச் சாப்பிட மாட்டீர்கள். ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னிடம் இல்லை, அம்மாவிடம் கேட்டார். "உங்கடை மகளை ஒருக்கால் கீறவேணும். வேலை உடுப்போடை." அம்மாவுக்குக் கலியாணம் பேசி வந்தமாதிரிச் சந்தோசம். நான் மாட்டேன் என்றேன். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தா. கடைசியில் ஞாயிறு பூசை முடிந்து வந்து, வேலை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கையில் கறுப்புக் குப்பைப் பையோடு அவருடைய அறையில் நின்றேன். முழங்கால் கடுத்தது. கதிரை கேட்டேன். தரவில்லை.

படம் முடிந்ததும் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது நானோ?"

"நீதான்."

"இந்தக் கை என்ரை இல்லை."

"உன்ரைதான். நீ இன்னும் கவனிக்கேல்லை."

"குப்பைப் பை எங்கை?"

"திருத்தினனான்."

"அந்த இடத்திலை இதென்ன?"

"ஸ்பானர்."

"அண்ணை, நான் ஸ்பானரைத் தொட்டால் அண்டைக்கே என்னை வீட்டை அனுப்புவாங்கள். நான் பிளேனிலை கக்கூஸ் கழுவிறனான்."

"கையிலை என்ன இருக்குதெண்டது முக்கியமில்லை, பிள்ளை. பிடிக்கிற பிடிதான் முக்கியம்."

பின்னால் ஒரு பிளேன், அதற்குப் பின்னால் சூரியன். நான் நாடியை உயர்த்திக்கொண்டு நிற்கிறேன். என் முகம்தான், ஆனால் பத்து வருசம் நல்ல சாப்பாடும் நல்ல நித்திரையும் கிடைத்த முகம். எனக்கு வெட்கமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. நான் செய்கிற வேலையில் என்ன குறை என்று இவர் அதைத் துடைத்து எடுத்தார்? அம்மா பார்த்துவிட்டு, "வடிவாய்த்தானே இருக்கிறாய்," என்றா. அந்தச் சொல்லை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலிலும் அவருடைய கைவேலை ஒன்று இருக்கிறது. திருநாளுக்குச் சுரூபங்களை இடம் மாற்றும்போது அந்தோனியாரின் கை உடைந்துவிட்டது. பாலன் யேசுவைத் தூக்கி வைத்திருக்கிற கை. ரஷ்யாவில் சிற்பம் படித்த மனிதர் பங்கிலேயே இருக்கும்போது வெளியாளுக்கு ஏன் கொடுப்பான் என்று அவரிடம் கொடுத்தார்கள். அவர் கம்பி வைத்து, பிளாஸ்டர் பூசி, புதுக் கை ஒன்று செய்தார். துணியை நீக்கினபோது சங்கீதக் குழுப் பெட்டையள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். மெலிந்த அந்தோனியாருக்கு ஒரு பக்கம் மட்டும் பயில்வான் கை.

பாதர் பக்குவமாகத்தான் கேட்டார். "மாஸ்டர், இவர் தவம் இருந்த மனிசன். இது சீமெந்து மூட்டை தூக்கிற கையெல்லே."

"பாலனைத் தூக்கிறதுக்கும் பலம் வேணும், பாதர்."

அந்தக் கை அப்படியே இருந்துவிட்டது. பிறகு பங்கில் இருந்த மன்னார்ச் சனம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அந்தக் கையைத்தான் தொட்டுக் கும்பிட்டார்கள். மற்றக் கையைவிட அது நல்லாய்க் கேட்குமாம். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு இருப்பது இதுவும், எலிவேற்றர் பழுதான நாட்களில் அம்மாவின் சாமான் பைகளை மேலே தூக்கிக்கொண்டு வந்து தருவதும்தான்.

அவர் அடிக்கடி சொல்கிற கதை ஒன்று உண்டு. படிக்கிற காலத்தில் ஒரு ரயில் நிலையத்தில் வாங்கில் இருந்தபடியே நித்திரையாகிப்போன ஒரு கிழவியைக் கீறினாராம். வாய் திறந்திருந்ததாம், ஒரு சப்பாத்து கழன்று கிடந்ததாம். வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, இவள் எங்கே போகிறாள் என்று கேட்டாராம். தெரியாது என்றாராம் இவர். போகிற இடம் அவளுக்குத் தெரியுமல்லவா, தெரிந்தவள் ஏன் நித்திரை கொள்கிறாள் என்றாராம் வாத்தியார். இவர் திரும்ப முழுதாகக் கீறினாராம். இந்த முறை கிழவி முழித்துக்கொண்டு, இரண்டு சப்பாத்தும் போட்டுக்கொண்டு, ரயில் வரும் திசையைப் பார்த்தபடி. அதைப் பள்ளிக்கூட நடையில் எல்லோரும் பார்க்கக் கொழுவினார்களாம்.

பரிசு வாங்கின கதை மாதிரித்தான் சொல்வார். கேட்கிற எனக்கு அது அடிவாங்கின கதை மாதிரி இருக்கும்.

இனி என் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பிக்குப் பிறக்கும்போதே இடக்கண் இமை விழுந்திருந்தது. சரியாகத் திறக்காது. வலக்கண் திறந்திருக்கும், ஆனால் அதில் பார்வை இல்லை. எதையாவது பார்க்க வேண்டுமென்றால் நாடியைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, இமைக்குக் கீழால்தான் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் அரைக்கண்ணன் என்று கூப்பிட்டார்கள். வாத்திமார், "என்னடா திமிராப் பார்க்கிறாய்," என்று அடித்தார்கள். பெரியவர்கள் முன்னால் நாடியைக் கீழே விடச்சொல்லி அம்மாவும் அடித்தா. விட்டால் அவனுக்கு நிலம்தான் தெரியும். சென்றியில் நின்ற ஆமிக்காரனும் அதே நாடிக்காகத்தான் அவனை வெயிலில் முழங்காலில் இருத்தினான். அந்த நாடியால் அவனுக்கு வாழ்நாளில் ஒரு நன்மையும் வரவில்லை.

மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற இடத்தில் ஷெல் விழுந்து செத்தான். அவன் இயக்கத்தில் இருந்தவன் இல்லை, ஒன்றுக்கும் போராடினவன் இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கவே பஞ்சிப்படுகிறவன். எனக்கு அவனை அப்படித்தான் பிடிக்கும்.

அவனுடைய படம் என்று ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், பெருவிரல் அளவு. மற்றதெல்லாம் வீட்டோடு போய்விட்டது. அதை அம்மா செபமாலைப் பைக்குள் வைத்து, யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு, கொழும்பில் இருந்து மொன்றியல் என்று கொண்டு திரிந்தா. கண்ணில் வெண்படலம் விழத் தொடங்கின பிறகு அவவுக்கு அந்தச் சின்னப் படத்தில் முகம் பிடிபடவில்லை. தம்பியின் நினைவுப் பூசைக்குப் பெரிய படம் வேண்டும் என்றா. லீவு நாளில் கடைக்குக் கொண்டுபோய்ப் பெருப்பித்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

வேலையால் வந்தபோது செபமாலைப் பை மேசையில் திறந்தபடி கிடந்தது.

"மொஸ்கோ அண்ணையிட்டைக் குடுத்திட்டன். கடைக்காரன் பெருப்பிச்சால் புள்ளி புள்ளியாய் வருமாம். அவர் வடிவாய்க் கீறித் தாறாராம்."

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கீழே ஓடினேன். அவர் படத்தை மேசை விளக்குக்குக் கீழே வைத்து, பெரிய கன்வஸில் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். இமை விழுந்தது பிறவியிலேயே என்று சொன்னேன். நாடி ஏன் உயர்ந்திருக்கிறது என்று சொன்னேன். "அண்ணை, அந்தக் கண்ணைத் திருத்தாதேங்கோ. அவன் எப்பிடி இருந்தானோ அப்பிடியே கீறுங்கோ. கையெடுத்துக் கேட்கிறன்."

"ஓம்," என்றார்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துத்தான் சொன்னார். அந்த ஓமுக்காகத்தான் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் வெறுப்பு.

பூசைக்கு முதல் நாள் பின்னேரம் படத்தைப் படுக்கை விரிப்பால் சுற்றிக்கொண்டு மேலே வந்தார். வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். அம்மாவைக் கதிரையில் இருத்தி, ஜன்னல் சீலையை ஒதுக்கி, வெளிச்சம் விழுகிற இடம் பார்த்துப் படத்தை நிறுத்திவிட்டு விரிப்பை இழுத்தார்.

கழுத்துப் பொத்தான் திறந்த சேட்டு, அகன்ற தோள், பின்னால் விடிகிற வானம். இரண்டு கண்ணும் விரியத் திறந்திருந்தன.

நாடியை மட்டும் அவர் தொடவில்லை. அது அப்படியே உயர்ந்திருந்தது. தலை அப்படியே பின்னால் சாய்ந்திருந்தது. கண் திறந்த பிறகு அந்தச் சாய்வுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆகவே அவன் தூரத்தில் எதையோ பார்க்கிறவன் ஆகிவிட்டான். கோதுமை வெட்டுகிறவள் பார்க்கிற அதே இடத்தை. வாழ்நாள் முழுக்க அவனுக்கு அடி வாங்கித் தந்த நாடியை வைத்தே இந்த மனிதர் அவனை வீரனாக்கியிருந்தார்.

"கண் எங்கை?" என்று கேட்டேன்.

"ரெண்டு கண்ணும் இருக்கு, பிள்ளை."

"அவன்ரை கண் எங்கை எண்டு கேட்கிறன்."

"அவனுக்கு இனி வேறை எங்கை கண் திறக்கப்போகுது? இதிலை எண்டாலும் திறக்கட்டும்."

"உங்களை ஆர் கேட்டது? நான் என்ன சொன்னனான், நீங்கள் என்ன சொன்னியள்?"

அவர் விரிப்பை மடிக்கத் தொடங்கினார். "அம்மா தந்த படத்தைத் தாங்கோ," என்றேன். சேட்டுப் பொக்கற்றில் இருந்து ஒரு கடித உறையை எடுத்து, அதற்குள் இருந்து தம்பியின் சின்னப் படத்தைப் பக்குவமாக எடுத்துத் தந்தார். வாங்கிப் பார்த்தேன். அதிலும் தம்பியின் கண் திறந்திருந்தது.

முதலில் என் தலைக்குள் ஏறவில்லை. ஜன்னலடிக்குப் போய்ச் சரித்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. இமை இருந்த இடத்தில் தாளின் பளபளப்புப் போயிருந்தது. பிளேட் நுனியால் இமையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய பிரஷால் கருவிழி வைத்திருந்தார். அவ்வளவு சுத்தமான வேலை. தெரியாதவன் ஆயுளுக்கும் கண்டுபிடிக்க மாட்டான்.

"இதை ஏன் தொட்டியள்?"

"அங்கை எங்களுக்கு முதல் வருசமே அப்பிடித்தான் பழக்கினவை. மூலப் படத்தைத் திருத்திப்போட்டுத்தான் கீறத் தொடங்கவேணும். இல்லாட்டில் கை பழசுக்கே இழுத்துக்கொண்டு போகும்."

இதை அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொல்லவில்லை. சாமான் எங்கே வாங்கினது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். ஒரு தாயிடம் செத்த பிள்ளையின் ஒரே படத்தை வாங்கிக்கொண்டு போய் பிளேட்டால் சுரண்டலாம் என்று எந்த ஊர்ப் பள்ளிக்கூடமும் படிப்பித்திருக்காது. ஆனால் அவர் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தார். நான் கையை ஓங்கினேன். அடித்திருப்பேன்.

"விடு பிள்ளை," என்றா அம்மா.

எழும்பிப் போய்ப் படத்துக்கு முன்னால் நின்றா. மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்ட நின்று பார்த்தா. விரலால் அந்தக் கண்ணைத் தடவினா. அம்மா சொல்வா, அம்மாவுக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா என்று நான் காத்திருந்தேன்.

"என்ரை ராசா," என்றா அம்மா. "எவ்வளவு வடிவாய் முழிச்சுப் பார்க்கிறான்."

அடுத்த நாள் பூசை முடிந்ததும் அவருடைய அறைக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். திருப்பிக் கீறித் தரச் சொன்னேன். இமையை மட்டுமாவது போட்டுத் தரச் சொன்னேன்.

"விழுந்த இமையை என்னாலை கீற ஏலாது, பிள்ளை."

"ஏலாதோ, மாட்டியளோ?"

அவர் சாயப் பெட்டியை அடுக்கத் தொடங்கினார். பெட்டியின் அடியில் பழுப்பேறின தாள் ஒன்று கிடந்தது. எடுத்தேன். வாங்கில் நித்திரை கொள்கிற கிழவி. வாய் திறந்திருந்தது. ஒரு சப்பாத்து கழன்று கிடந்தது. காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. பென்சிலால் கீறினதுதான், ஆனால் அவள் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்துவிட்டு பஸ்ஸில் நானும் அப்படித்தான் வாய் பிளந்து நித்திரை கொள்வேன்.

"இதை ஏன் வைச்சிருக்கிறியள்?"

"அது பிழையான படம்," என்று சொல்லி வாங்கி மறுபடி அடியில் வைத்தார். அதன்மேல் சாயக் குழாய்களை அடுக்கி மூடினார். எனக்கு இரக்கம் வரவில்லை. இந்த மனிதருக்கு உள்ளதைக் கீறத் தெரியாது என்று நினைத்து நான் பாதியாவது ஆறியிருப்பேன். அவருக்குத் தெரிந்திருந்தது. நல்லாய்த் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் செய்தார்.

படம் எங்கள் முன்னறையில் தொங்கியது. வருகிற சனம் எல்லாம் பார்த்தது. பழைய ஆட்கள் யாராவது, "தம்பிக்கு ஒரு கண் கொஞ்சம்..." என்று இழுத்தால், அம்மா உடனே, "அது சின்னனிலை. வளர வளரச் சரிவந்திட்டுது," என்பா.

முதல் தரம் கேட்டபோது நான் குசினிக்குள் நின்றேன். ஆட்கள் போன பிறகு கேட்டேன். "எப்ப அம்மா சரிவந்தது?"

"உனக்குத் தெரியாது. நீ அப்ப கொழும்பிலை."

நான் கொழும்பில் இருந்தது உண்மை. தம்பியை நான் கடைசியாகக் கண்டது அதற்கு முதல். அம்மா பொய் சொல்லவில்லை என்று அவவின் முகத்தில் தெரிந்தது. அவவுக்கு அவன் அப்படித்தான் ஆகிவிட்டான். பெற்ற தாய்க்கே ஒரு பிள்ளையை மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்த மனிதர் கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

அவரோடு அதற்குப் பிறகு நான் கதைக்கவில்லை. சாமான் பையைத் தூக்க வந்தால் வாங்கிக்கொள்வேன், வாய் திறக்க மாட்டேன். சில வருசத்தில் அவருக்கு நாரி பிடித்து நிமிர ஏலாமல் போய், ஆஸ்பத்திரி வேலையை விட்டு, ரொறன்ரோவில் இருக்கிற, தமக்கையின் மகளான மருமகளிடம் போக வெளிக்கிட்டார். ஜூலை முதலாம் திகதி, மொன்றியலே வீடு மாறுகிற நாள். றோட்டு முழுக்க மெத்தைகளும் பிரிட்ஜுகளும். மருமகள் கொண்டுவந்த வானுக்குள் பெரிய படங்கள் போகவில்லை. குப்பையோடு குப்பையாக நடைபாதையில் சாத்திவிட்டார்கள்.

மேல்மாடியில் இருந்த சென்னைப் பெடியன், யூனிவர்சிட்டியில் படிக்கிறவன், ஒரு படத்துக்கு முன்னால் நின்றான்.

"அக்கா, இது நீங்கதானே?"

"இல்லை."

"உங்க ஜாக்கெட் மாதிரியே இருக்கே."

"ஜாக்கெட் என்ரை. ஆள் நானில்லை."

வானில் ஏறுவதற்கு முன் மொஸ்கோ அண்ணை என்னிடம் வந்தார். நிமிர முடியாமல், கீழே இருந்து மேலே பார்த்தார். "தம்பியின்ரை படத்தை வெயில் படாத சுவரிலை வையுங்கோ. நிறம் வெளிறிப்போகும். வாறன், பிள்ளை," என்றார். நான் மற்றப் பக்கம் திரும்பினேன். இரண்டு மாரி கழித்து அவர் செத்துப்போனார் என்று பங்கில் அறிவித்தார்கள். எல்லோரும் எழும்பி நின்று செபித்தார்கள். நானும் எழும்பினேன். வாயைத் திறக்கவில்லை.

அம்மா அதற்கு அடுத்த வருசம் போனா. போகும்வரை காலையில் எழும்பினதும் அந்தப் படத்துக்குத்தான் முதலில் முகம் காட்டுவா. நான் அதைத் தொடவில்லை. அவ இருக்கும்வரை அது அவவின் பிள்ளை.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு கடையில் சின்னப் பிரஷும் மண்ணிறச் சாயமும் வாங்கிக்கொண்டு வந்தேன். படத்தைச் சுவரில் இருந்து இறக்கி மேசையில் வைத்தேன். பிரஷை நனைத்துக்கொண்டு குனிந்தேன். இமை எதுவரை விழுந்திருந்தது? பாதியா? இன்னும் கீழேயா? கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். வந்தவன் இந்தப் படத்தில் இருக்கிறவன்தான். இரண்டு கண்ணும் திறந்து, பல் தெரியாமல், விடியலைப் பார்த்துக்கொண்டு. பிரஷ் காய்ந்துபோனது. அவர் எனக்கும் தம்பியைத் திருத்திவிட்டுப் போயிருந்தார்.

நாடியைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் அவர் தொடாமல் விட்டது அது ஒன்றுதான்.

குளியலறைக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். படத்தில் இருக்கிற அதே அளவுக்கு என் நாடியை உயர்த்தினேன். மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு, இடக்கண் இமையை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்தால் கண்ணாடி தெரியாது என்கிற இடம் வந்தது. அங்கே பிடித்தேன். அவனுடைய நாடி இவ்வளவு உயர்ந்திருக்க வேண்டுமென்றால் இமை இவ்வளவு விழுந்திருக்க வேண்டும். பாதிக்கும் கீழே. நான் நினைத்ததைவிடக் கனக்கக் கீழே. இந்தக் கீற்றுக்குள்ளால்தான் அந்தப் பெடியன் எங்கள் எல்லோரையும் பார்த்திருக்கிறான். பொத்தின கையை எடுத்தேன். கண்ணாடியில் இருந்து அவன் என்னைத் திமிராகப் பார்த்தான்.

மறந்துபோவதற்குள் ஓடிவந்து கீறினேன். நான் ஒருநாளும் பிரஷ் பிடித்தவள் இல்லை. சாயம் தடித்துப்போய், கன்னத்திலும் இழுபட்டு, அசிங்கமாகத்தான் வந்தது. அப்படியே காயவிட்டு, இருந்த இடத்திலேயே கொழுவினேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "ஐயோ, நல்ல படமெல்லே, பழுதாப்போச்சோ," என்று கேட்கிறார்கள்.

பழுதாகவில்லை என்கிறேன். திருத்தினேன்.